பால்மரத்து அகராதி
மலேசியாவில் செலாயாங்கிலிருந்து கெப்போங் பக்கம் போனால் எடின்பரோ என்ற பெயர் காதில் விழும். ஸ்காட்லாந்தின் தலைநகருக்கு இங்கே என்ன வேலை? ரப்பர்தான் காரணம். அந்தப் பெயரில் இருந்த தோட்டம் போய்விட்டது. தமிழ்ப்பள்ளிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஷா ஆலம் பக்கம் கிளென்மேரி. ஸ்காட்லாந்தில் ‘கிளென்’ என்றால் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு. பேராக்கில் ஸ்ட்ராத்மாஷி என்றொரு தோட்டம். ‘ஸ்ட்ராத்’ என்பது அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. தோட்டத்துரைகள் சொந்த ஊர் நினைப்பில் வைத்த பெயர்களாக இருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்து வைத்தவை அல்ல.

ரப்பரோடு ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பழைய தொடர்பு உண்டு. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மக்கின்டோஷ் 1823இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழைக்கோட்டுக்கே அவர் பெயர் வந்தது. 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற ஜான் டன்லப்பும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. அதே ஆண்டு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, ஆங்கிலேயர், மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் முறையைச் செப்பமாக்கினார்.

அப்படிப் பாலெடுப்பதை மரம் வெட்டுவது என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். ஆனால் மரம் சாய்வதில்லை. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தக் கூடலுக்கு இங்கிலீஷ் ஏட்டில் ‘மஸ்டர்’ என்று பெயர். அது முடிந்ததும் ஆளுக்கு ஒரு நிரை. உளியை இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கப் பள்ளத்துக்கு, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இழுக்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப்போக வலப்பக்கம் சாய்கின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். உளி ஆழமாகப் போய் உள்தோலில் காயம் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அந்த இடத்தில் உளி ஓடாது. நல்ல வெட்டாளி இருட்டில் தலைவிளக்கோடு இதைக் கைப்பழக்கத்தில் செய்வார். விடியலில் குழாய்களின் உள்ளழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறினால் குறையும்.

வடியும் பாலைப் பிடிப்பது மங்கு. மலாய்க்காரரின் ‘மங்குக்’ தோட்டத்துத் தமிழில் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டது. மங்கிலேயே உறைந்தால் கட்டிப்பால்.

இங்கிலீஷ்காரர்களின் சொற்களில் வேடிக்கையானது ‘வின்டரிங்’. குளிர்காலமே இல்லாத நாட்டில், ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரம் இலை உதிர்ப்பதற்கு இந்தப் பெயர். அப்போது பாலும் குறையும், வெட்டாளியின் வருமானமும் குறையும். ‘பிரௌன் பாஸ்ட்’ என்பது நோய். ‘பாஸ்ட்’ என்றால் உட்பட்டை நார். வெட்டுப் பட்டை வறண்டு, சில மரங்களில் பழுப்பேறி, பால் நின்றுபோகும். அளவுக்கு மீறி வெட்டுவது இதற்கு முக்கியக் காரணம்.

அதனால்தான் ஓய்வுக்குக் கணக்கு வைத்தார்கள். 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் செலாயாங்குக்கு மேற்கே சுங்கை பூலோவில் இருந்தது. இந்த ஓய்வுக் கணக்கைக் குறிக்க ரப்பர் ஆய்வு நூல்களில் ‘எஸ்/2 டி/2’ என்று ஒரு குறியீடு வரும். மரச்சுற்றில் பாதியளவு கோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பது அதன் பொருள். வெட்டிய பிறகு நடப்பதும் மாறிவிட்டது. இன்று மலேசியச் சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் பாலைச் சுமந்து ஓடுவதில்லை. மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார்கள்.