மார்கழிக்கு முன்பே தொடங்க வேண்டிய வைத்தியம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட சில நாட்களிலேயே தெருமுனை கிளினிக்குகளில் நெபுலைசர் இரையத் தொடங்கிவிடும். மார்கழிப் பனியில் கூட்டம் கூடும். பங்குனி பிறந்ததும் இழுப்பு அடங்கும். மருந்தும் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். அடுத்த ஐப்பசியில் மறுபடி அதே கிளினிக், அதே முகமூடி. எத்தனையோ குடும்பங்கள் இதை விதி என்றே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் இந்தச் சுற்றை உடைக்க முடியும். இழுப்பே இல்லாத நல்ல மாதங்களில் என்ன செய்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர் நன்றாக நடமாடும் நாட்களிலும் அவருடைய மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் லேசான அழற்சி இருந்துகொண்டே இருக்கலாம். புகையோ சளிக்காய்ச்சலோ பூஞ்சணமோ வந்து சீண்டும்போது, ஏற்கெனவே சிவந்து வீங்கிய அந்தக் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்ளே கோழை அடைக்கிறது. மூச்சை வெளியே விட முடியாமல் நெஞ்சு விசிலடிக்கிறது. நம் மக்கள் நன்கறிந்த நீலநிற பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை வற்றவைப்பது இன்னொரு பம்ப்: பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு கலந்த தடுப்பு மருந்து. அது நாள்தோறும் எடுத்தால்தான் பலன் தரும், அதுவும் நாட்கள், வாரங்கள் கழித்து. உடனே எதுவும் தெரியாததால் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு 2019இல் ஒரு முக்கியமான திருத்தம் செய்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உடனடி நிவாரண பம்பை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. நீல பம்பை மட்டுமே நம்பி அடிக்கடி அடிப்பவர்களுக்குக் கடும் தாக்குதலும் மரணமும் நேரும் அபாயம் அதிகம் என்பதே காரணம். இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும். உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இங்கே இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மலிவாகவும் பரவலாகவும் மருந்து கிடைக்கும் ஒரு நோயில் இந்த இடைவெளி மனத்தை உறுத்துகிறது.

“பம்ப் பழகிவிட்டால் விட முடியாது” என்ற பேச்சு இதற்கு ஒரு பெரிய காரணம். கல்யாணத்துக்குப் பார்க்கும் பெண்ணின் கைப்பையில் பம்ப் இருப்பது தெரியக் கூடாது என்று ஒளிப்பார்கள். பள்ளிக்கூடப் பையில் வைத்தனுப்பக் கூச்சப்படுவார்கள். அதற்குப் பதில் மாத்திரை போதும் என்பார்கள். கணக்கைப் பார்த்தால் உண்மை தலைகீழாக இருக்கிறது. பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 4,000 மைக்ரோகிராம், அதாவது 40 மடங்கு. பம்பில் நேரே நுரையீரலுக்குப் போவது, மாத்திரையில் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றி வருகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஸ்டீராய்டும் அப்படித்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊசியும் மாத்திரையுமாக எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றும், காலப்போக்கில் எலும்பையும் பாதிக்கும். தடுப்பு பம்பின் சிறிய அளவுக்கு வாய்ப்புண், குரல் கம்மல் போன்றவைதான் வழக்கமான தொந்தரவுகள்; அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவையும் பெரும்பாலும் வராது.

மூக்கையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்றால் “வெறும் தூசி அலர்ஜி” என்று விட்டுவிடுகிறோம். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்தது அந்த அலட்சியத்தைக் கலைத்திருக்க வேண்டும். மாலையில் இடியுடன் புயற்காற்று வீசியது. நகருக்கு வெளியே மேய்ச்சல் நிலங்களில் பூத்திருந்த ரைப்புல்லின் மகரந்தத்தை அது வாரிக்கொண்டு வந்தது. முழு மகரந்தத்தை மூக்கே தடுத்துவிடும். ஈரத்தில் ஊறி வெடித்த அதன் நுண்துகள்களோ நேரே நுரையீரலுக்குள் இறங்கின. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குமுன் மூக்கு ஒவ்வாமை இருந்தது. ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிராதவர்களே பலர். இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர், மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இன்று விக்டோரியா மாநிலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை ஆஸ்துமாவுக்கென்றே முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். மெல்பர்னில் வாழும் தமிழர்கள் மழை அறிவிப்போடு அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் ஒரே ஒரு மகரந்தக் காலம் என்று எதுவும் இல்லை. பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் பூக்கும் மாதங்கள் ஒருபுறம். ஈரச்சுவரின் பூஞ்சணமும் மெத்தையில் பெருகும் தூசு உண்ணியும் மறுபுறம். உண்ணிக்கு ஈரக்காற்றுதான் பிழைப்பு. சித்திரை வெயிலில் மெத்தையையும் தலையணையையும் காயப்போடும் பழைய பழக்கம் இதனால்தான் அருமையானது. ஆனால் செத்த உண்ணியின் கழிவும் ஒவ்வாமை தரும். ஆகவே காயவைத்தபின் தட்டி உதற வேண்டும், உறைகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்; இழுப்பு உள்ளவர் அப்போது பக்கத்தில் நிற்கக் கூடாது.

மார்கழியில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே எழும்பாமல் புகையை அங்கேயே பிடித்து வைக்கிறது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2018 போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் தாமதமான விமானங்களே சாட்சி. வீட்டுக்குள்ளும் புகை உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்றது 2003இல் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்துமா உள்ள குழந்தை படுக்கும் அறைக்குச் சுருளைவிடக் கொசுவலையே மேல்.

ஆக, மழை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, புரட்டாசியிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. தடுப்பு பம்பின் அளவு போதுமா, மூக்கு ஸ்பிரே வேண்டுமா, ஃபுளூ தடுப்பூசி போடலாமா என்று அப்போதே கேட்கலாம். பம்பையும் கையோடு கொண்டுபோய், அடித்துக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்குவதுதான் முறை. கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவிக்கு இது பொருந்தாது, அதை வேகமாக ஆழ இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் நிறைய. கைக்கும் மூச்சுக்கும் ஒத்துவராத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர் குழாய் பெரிய உதவி.

வெயில் வந்து நெஞ்சு லேசானதும் மருந்தைக் குறைக்கலாமா? குறைக்கலாம். சில மாதங்கள் கட்டுக்குள் இருந்தபின், மருத்துவர் சொல்லும் படிகளில்.

ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாவிட்டால், குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நீல பம்பை அடித்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். திணறிக்கொண்டிருந்தவரின் மார்பில் விசில் சத்தம் திடீரென நின்று, அவர் மேலும் சோர்ந்துபோனால் ‘அடங்கிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட அப்போது காற்று உள்ளே போகவில்லை.