கடல் கடந்த சிகிச்சையும் இல்லத்துப் பராமரிப்பும்

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் தன் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறுடையதாக வகுக்கின்றது. நோய்ப்பட்டவர், நோய் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என்பன அந்நான்காம். இவற்றுள் நான்காவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். நோய் தீர்ந்தால் வைத்தியரைப் புகழ்கின்றோம். தீராவிடின் மருந்தை நோகின்றோம். இரவெல்லாம் கண்விழித்து அருகிருந்தவரை நினைப்பாரில்லை.

சில நாட்களில் தீரும் நோயாயின் இம்மறதியால் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் ஆயுள் முழுதும் தொடரும் ஊனத்தோடு பிறந்த குழந்தையின் திறத்திலே, அந்நான்காங் கூறே ஏனைய மூன்றனையும் தாங்கி நிற்கின்றது. உள்நாட்டில் இனிச் செய்வதற்கொன்றில்லை என்ற சொல்லைக் கேட்ட பெற்றோர் கடல் கடந்து சிகிச்சை தேட முற்படும்போது இவ்வுண்மை மேலும் மறைந்துபோகின்றது. கண் தொலைவிலுள்ள வைத்தியசாலையிற் பதிந்துவிடுகின்றது. கையிலுள்ள நாட்களோ பயனின்றிக் கழிகின்றன. பெருமூளைவாதம் என்னும் நோயையும், அதன்பொருட்டு மேற்குநாட்டு மக்கள் மேற்கொண்ட பயணங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளர்ந்துவரும் மூளை ஊறுபடுவதனால், உடலை நிமிர்த்தி நிறுத்தும் ஆற்றலும் இயக்கும் ஆற்றலும் குன்றுவதே பெருமூளைவாதம் எனப்படும். ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய இரண்டில் இது காணப்படுகின்றது. இது தொற்றுநோயன்று. மூளையில் ஏற்பட்ட ஊறு நாளடைவில் வளர்வதுமன்று. எனினும் அதன் விளைவுகள் உடலிலே வளர்ந்துகொண்டே செல்கின்றன. இந்த வேறுபாட்டை உணர்தல் மிக இன்றியமையாதது.

குழந்தை வளர எலும்பு நீள்கின்றது. விறைத்த தசையோ அவ்வளவிற்கு நீள்வதில்லை. ஆதலால் குதிகால் நிலத்தினின்றும் எழும்புகின்றது, முழங்கால் மடிகின்றது, தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியினின்றும் சிறிது சிறிதாக விலகுகின்றது. பலருக்கு வலிப்பும், விழுங்குதலில் இடரும், பேச்சுத் தடையும் உடன்வருகின்றன. பேச இயலாமையை அறிவின்மை என்று கொள்வது பெருந்தவறு. வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டாத குழந்தை, சுற்றியுள்ளோர் பேசுவனவற்றை முற்றும் விளங்கிக்கொண்டிருத்தல் கூடும்.

இந்நோய் எல்லாரிடத்தும் ஒரே அளவினதன்று. 1997 ஆம் ஆண்டிற் கனடா நாட்டு அறிஞர் வகுத்த முறை, இக்குழந்தைகளை இயக்க ஆற்றல் பற்றி ஐந்து படிகளாகப் பிரிக்கின்றது. முதற்படியிலுள்ள குழந்தை துணையின்றி நடக்கும். ஐந்தாம் படியிலுள்ள குழந்தைக்குத் தலையை நிமிர்த்திவைத்திருப்பதற்கும் பிறர் துணை வேண்டும். ஆகவே, ‘இந்நோய்க்கு அந்நாட்டிலே மருந்துண்டாம்’ என்று கேட்கும்போதெல்லாம், ‘எந்தப் படியிலுள்ள குழந்தைக்கு?’ என்ற வினா முதலில் எழுதல் வேண்டும்.

ஹனோவர் நகரத்துக்குச் சென்ற நோயாளி

இந்நோயை முதன்முதல் விரிவாக விளக்கியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிற்றில் என்பவர். 1810 இற் பிறந்த இவர் இளமையில் இளம்பிள்ளைவாதத்தாற் பீடிக்கப்பட்டு, இடது பாதம் கோணியவரானார். தம் நாட்டிலே பரிகாரம் காணாத அவர் ஜேர்மனிக்குச் சென்றார். 1836 இல் ஹனோவர் நகரத்து வைத்தியர் ஸ்ரோமேயர், தோலிற் சிறு துளையிட்டு அதன் வழியே குதிகால் நாணை வெட்டி அப்பாதத்தைச் சீராக்கினார். கிருமிக்கொல்லிகள் அறியப்படாத அக்காலத்திற் பெரிய புண் சீழ்பிடிப்பது இயல்பு. சிறு துளையிடும் முறை அவ்விடரைப் பெரிதும் குறைத்தது.

லிற்றில் நிமிர்ந்த பாதத்தோடு மாத்திரம் திரும்பினாரல்லர். அச்சத்திரசிகிச்சையைத் தாமும் கற்றுக்கொண்டே திரும்பினார். 1837 இல் இலண்டனில் அதனைச் செய்துகாட்டினார். சில ஆண்டுகளுள் முடம்பட்ட உறுப்புகளுக்கென ஒரு வைத்தியசாலை தோன்றவும் காரணரானார். அங்கு வந்த குழந்தைகளிடையேதான் பிறப்பொடு தொடர்புடைய கால் விறைப்பை அவர் கண்டறிந்தார். 1861 இல் அதுபற்றி இலண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்திற் கட்டுரை படித்தார். நெடுங்காலம் இந்நோய் ‘லிற்றில் நோய்’ என்றே வழங்கப்பட்டது. ஒருவர் தம்பொருட்டு மேற்கொண்ட பயணம் ஒரு நாட்டுக்கே பயன்பட்ட வரலாறு இது. அயல்நாட்டுச் சிகிச்சையின் சிறப்பை அளக்க இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

புடாபெஸ்ற் நகரமும் பிரித்தானியப் பெற்றோரும்

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்திலிருந்து மற்றொரு பயணம் தொடங்கிற்று. ஹங்கேரி நாட்டவரான அன்ட்ராஸ் பெட்டோ (1893 - 1967) இரண்டாம் உலகப்போரின் முடிவில், புடாபெஸ்ற் நகரில் முடம்பட்ட குழந்தைகள் சிலரைச் சேர்த்துப் பயிற்றத் தொடங்கினார். அவருடைய முறையிலே வைத்தியம் வேறு, கல்வி வேறு என்ற பிரிவில்லை. குழந்தைகள் குழுவாக நாள் முழுதும் இருப்பர். கையாற் பற்றிக்கொள்ளத்தக்க மரச்சட்டங்கள் பொருந்திய கட்டிலும், ஏணிபோன்ற முதுகுடைய நாற்காலியுமே கருவிகள். ‘கையை உயர்த்துகிறேன்’ என்று வாயாற் சொல்லி, ஒன்று இரண்டு என்று ஐந்துவரை எண்ணிக்கொண்டே குழந்தை கையை உயர்த்தும். இதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற வழிநடத்துநர் உடனிருப்பர். பெட்டோவின் பின்னர் மரியா ஹாரி இப்பணியைத் தொடர்ந்து நடத்தினார்.

1986 இற் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி., தம் மகனை அங்கு அழைத்துச் சென்ற ஒரு குடும்பத்தைப்பற்றிய தொலைக்காட்சிப் படத்தை வெளியிட்டது. அதனைக் கண்ட நூற்றுக்கணக்கான பெற்றோர் புடாபெஸ்ற் நோக்கிச் சென்றனர். வீட்டின்மேற் கடன்பட்டோரும், ஊராரிடம் நிதி திரட்டியோரும் அவருட் பலர். ஆனால் அந்நிலையம் எல்லாக் குழந்தைகளையும் ஏற்கவில்லை. சொல்வதை விளங்கி ஒழுகத்தக்கோரையே அது தெரிந்தெடுத்தது. மிகக் கடுமையாக ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோர், சென்ற வழியே மீளவேண்டியதாயிற்று.

பெற்றோரின் முயற்சியால் இம்முறை பேர்மிங்காம் நகரிலும் தொடங்கப்பட்டது. அதனை ஆராய்ந்த அறிக்கை 1993 இல் வெளியாயிற்று. அம்முறையிற் பயின்ற குழந்தைகள், இங்கிலாந்தின் ஏனைய விசேட பாடசாலைகளிற் பயின்ற குழந்தைகளைவிட மேம்படவில்லை என்று அது கூறிற்று. அவ்வாறாயின் அப்பயணங்கள் வீணோ? முற்றும் வீண் என்றல் பொருந்தாது. தம் குழந்தை கற்கத்தக்கவன் என்று ஒருவர் கூறக் கேட்டதே பல பெற்றோருக்கு முதற்பேறாயிருந்தது. தம் நாட்டுப் பாடசாலைகளிடம் கூடுதலாகக் கேட்கவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். ஆனால் வெறும் நடத்தலையே பயனாக எண்ணிச் சென்றோர் பெரிதும் மனமுடைந்தனர்.

சென் லூயிஸ் நகரத்துச் சத்திரசிகிச்சை

மூன்றாவது பயணம் அமெரிக்காவை நோக்கியது. கால் விறைப்புக்குக் காரணம் தசையன்று. தசையினின்றும் முண்ணாணுக்குச் செல்லும் உணர்வுச் செய்தியை அடக்கவேண்டிய மூளையின் கட்டளை குன்றியமையே. ஆதலின் அச்செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களில் ஒரு பகுதியைத் தேர்ந்து வெட்டினால் விறைப்புக் குறையும். இக்கருத்தின் தொடக்கம் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஜேர்மானிய வைத்தியர் போஸ்ரர் செய்த சிகிச்சையிற் காணப்படுகின்றது. தென்னாபிரிக்காவின் கேப் நகரத்து வைத்தியர் பீக்கொக் 1980 களில் அதனைத் திருத்தியமைத்தார். சென் லூயிஸ் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியர் பார்க் 1987 தொடக்கம் அதனைச் செய்துவந்தார். 1991 இல், முதுகெலும்பைச் சிறிதளவே திறந்து செய்யும் வழியையும் கண்டார்.

பிரித்தானியக் குடும்பங்கள் பல்லாயிரம் பவுண் திரட்டிக்கொண்டு அங்கு சென்றன. 2011 இல் பிறிஸ்ரல் நகர வைத்தியர்கள் அம்முறையைத் தம் நாட்டிலே தொடங்கினர். 2014 முதல் 2016 வரை இங்கிலாந்தின் ஐந்து வைத்தியசாலைகளில் 137 குழந்தைகளுக்கு அது செய்யப்பட்டு, அவர்கள்நிலை ஈராண்டு தொடர்ந்து அளக்கப்பட்டது. பயன் தெளிவானமையால், 2018 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை அதனைத் தகுதியுடைய குழந்தைகளுக்கு இலவசமாக்க முடிவுசெய்தது. ஹனோவர் வரலாறு இங்கு மறுபடியும் நிகழ்ந்ததெனலாம்.

ஆயினும் தகுதியுடையோர் யாவர்? ஐந்து படிகளுள் இரண்டாம், மூன்றாம் படிகளைச் சேர்ந்த மூன்று முதல் ஒன்பது வயதுவரையுள்ள குழந்தைகளே அவர்கள். மேலும் இச்சிகிச்சை விறைப்பைக் குறைக்குமேயன்றி, ஏற்கெனவே சுருங்கி இறுகிப்போன தசையை நீட்டாது. விறைப்பு நீங்கியதும் அதன்கீழ் மறைந்திருந்த தசைத் தளர்ச்சி வெளிப்படும். பின்னர் மாதக்கணக்காக நாள்தோறும் பயிற்சி அளித்தாலன்றிப் பயன் கிட்டாது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் தசை இறுகாமற் காத்தவரும் வீட்டார். பின் வலிமையூட்டுபவரும் வீட்டார். வைத்தியர் செய்யும் வேலை சில மணி நேரத்தது. அதன் இருபுறமும் நிற்பவை ஆண்டுகள்.

நம்பிக்கையும் சோதனையும்

பெற்றோர் கண்ணாற் கண்ட முன்னேற்றம் எப்போதும் சிகிச்சையின் பயனாகுமோ? மொன்றியல் நகரத்து ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. 2001 இல் வெளியான அவ்வாய்விலே 111 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் உயர் அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தனர்; மற்றவர் சிறிதே அமுக்கமூட்டிய சாதாரண காற்றைச் சுவாசித்தனர். எவர் எதனைப் பெற்றார் என்பது பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் இரு பிரிவினரும் முன்னேறினர். ஆயின் ஒரே அளவில் முன்னேறினர். தூய ஒட்சிசனாற் கூடுதலான பயன் காணப்படவில்லை. குழந்தை வளர்வதும், நாற்பது நாள் பெற்றோர் அருகிருந்து ஊக்குவதும் தம்மளவிலே பயன்தரக்கூடும். ஒப்பிட்டுப் பாராத சிகிச்சை அப்பயன் முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

இக்காலத்தில் இவ்வாறு விற்கப்படுவன பல. அவற்றுள் ஒன்று குருத்துக்கலச் சிகிச்சை. உடற் கலங்கள் பலவகையாய் மாறத்தக்க இளங்கலங்களைச் செலுத்தி மூளையைச் சீராக்கலாம் என்பது அதன் கருத்து. இது ஆராயத்தக்க கருத்தேயாயினும், ஆராய்ச்சி வேறு, விற்பனை வேறு. ஜேர்மனியில் அயல்நாட்டு நோயாளர் பலரை ஈர்த்த தனியார் நிலையமொன்று, அங்கு சிகிச்சை பெற்ற குழந்தையொன்று இறந்ததன் பின்னர் 2011 இல் மூடப்பட்டது. எம்நாட்டவர் பெரிதும் நாடிச்செல்லும் இந்தியாவிலும், இரத்தநோய் முதலிய சிலவற்றுக்கன்றிப் பிறவற்றுக்கு இதனை ஆய்வின் புறத்தே வழங்கலாகாது என 2017 ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகள் கூறுகின்றன.

ஆதலின் பயணச்சீட்டு வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவுள. எம் குழந்தையின் படியிலுள்ளோர் எத்தனைபேர் பயன்பெற்றனர்? சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிட்டவர் யார்? தீங்கு நேரின் பொறுப்பாளர் யார்? ஊர் திரும்பியபின் பயிற்சியைத் தொடர்பவர் யார்? இவற்றை விரும்பிக் கேட்டு எழுத்தில் விடைதருபவர் நம்பத்தக்கவர்; கேட்டமைக்குச் சினப்பவர் தவிர்க்கத்தக்கவர்.

இடைக்காலமும் சிகிச்சையே

நிதி திரட்டும் காலம் சில வேளை ஆண்டுகளாக நீளும். அக்காலத்தில் நாள்தோறும் செய்யப்படுவனவே குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பன. உணவூட்டும்போது குழந்தையைக் கிடத்தாமல் நிமிர்த்தி, தலை பின்னே சாயாமற் பிடித்துச் சிறு கவளமாகப் பொறுமையோடு ஊட்டுதல் வேண்டும். அன்றேல் உணவு மூச்சுக்குழலுட் சென்று நெஞ்சுநோயை விளைக்கும். கடுமையாக ஊனமுற்ற குழந்தைகளின் உயிரைக் கவர்வது பெரும்பாலும் அதுவே. தசைகளை நாடோறும் மெல்ல நீட்டுதலும், ஒரே பக்கமாய்க் கிடவாமல் மாற்றிக் கிடத்துதலும், வலிப்பு மருந்தை ஒருவேளையும் தவறவிடாமையும் இன்றியமையாதன. பயணத்தின்போது அம்மருந்து கைப்பையில் இருத்தல் வேண்டும். இடுப்பெலும்பை ஒழுங்காக எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து நோக்குதல் மற்றொன்று. தென் சுவீடனில் 1994 இல் இத்தகைய கண்காணிப்பு முறையாகத் தொடங்கிய பின்னர், இடுப்பு விலகும் குழந்தைகளின் தொகை மிகவும் அருகிற்று. அதற்கு வேண்டியது புதுமருந்தன்று, தவறாத கவனிப்பே.

இக்கவனிப்பின் சுமை பெரும்பாலும் தாயின்மீதே விழுகின்றது. குழந்தையை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்கு நிதி கேட்டால் ஊர் மனமுவந்து கொடுக்கின்றது, அது போற்றத்தக்கதே. ஆனால் அத்தாய் ஓரிரவு உறங்கும்பொருட்டு, ‘இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சென்று படு’ என்பாரைக் காண்டல் அரிது. மூத்த பிள்ளையின் பாடத்தைக் கவனிப்பாரும், சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளத்தை வகுப்பறை வாயிலில் அமைப்பாரும், பேசாத பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆசிரியரும் செய்வது வைத்தியத்தின் நான்காங் கூறாகிய அப்பணியையேயாம். கடல் கடந்து செல்வோர் சிலர். சென்றோரும் மீண்டு வாழ்வது ஊரிலேதான். மீண்டு வரும் குழந்தையை ஏற்கும் வகையில் அவ்வூர் அமைந்திருத்தல் வேண்டும்.