ரெம்பாங் தீவு: பாலம் வந்தது, காணி யாருக்கு?

2023 செப்டெம்பர் 7ஆம் திகதி இந்தோனேசியாவின் ரெம்பாங் தீவுக்குள் பொலிஸாரும் படையினரும் நுழைந்தார்கள். காணியை அளந்து எல்லைக்கல் நடுவதே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. கிராமத்தவர்கள் மரங்களை வெட்டிப் பாதையில் போட்டு மறித்தார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அந்தப் புகை பாடசாலையொன்றுக்குள்ளும் பரவியதால், மாணவர்கள் வகுப்பறைகளை விட்டு அழுதுகொண்டு ஓடிய காட்சிகள் உலகெங்கும் பரவின.

உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாட்டில், மலாய் முஸ்லிம் மீனவர்களின் பழைய கிராமங்களில் இது நடந்தது. நமது நாட்டு மலாய் சகோதரர்களின் முன்னோர்களில் பலர் ஒல்லாந்தர் காலத்தில் இதே தீவுக் கூட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ரெம்பாங்கில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இந்தோனேசியாவின் தூரத் தீவொன்றில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அங்கே காணி உரிமை என்பது என்ன என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடலை நம்பிய வாழ்க்கை

ரெம்பாங், ரியாவ் தீவுகள் மாகாணத்தில் உள்ளது. பரப்பளவு சுமார் 165 சதுர கிலோமீற்றர். நிர்வாக ரீதியாக பாத்தாம் நகரத்துக்குள் அடங்குகிறது. பாத்தாமின் வடகரையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். ஆனாலும் நீண்ட காலமாக ரெம்பாங்கின் கிராமங்களுக்கு வள்ளத்தில்தான் போக வேண்டியிருந்தது.

இங்கு ‘கம்போங் துவா’ எனப்படும் பழைய கிராமங்கள் 16 உள்ளன. பலகை வீடுகள் கரையோரத்தில் கால்களை ஊன்றி நிற்கின்றன. ‘பொம்போங்’ என்ற சிறிய இயந்திர வள்ளத்தில் போய் மீன், நண்டு, கணவாய் பிடிக்கிறார்கள். ஆழம் குறைந்த கடலில் மரக்கம்புகளை நட்டு ‘கெலோங்’ என்ற மேடை அமைத்து, இரவில் விளக்கு ஏற்றி நெத்தலி பிடிப்பார்கள். வருடக் கடைசியில் வடக்குக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னையும் பழமரங்களும் சிறு தோட்டமும்தான் கைகொடுக்கும்.

இந்த வாழ்க்கையில் பணப்புழக்கம் குறைவு. ஆனால் வாடகை இல்லை, மீனுக்குக் காசு கொடுப்பதில்லை, வள்ளம் கட்டுவதற்குத் துறை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது, முன்னோரை அடக்கம் செய்த மையவாடி இருக்கிறது. வீட்டை மட்டும் விலைபேசினால் இவற்றில் எதுவும் கணக்கில் வராது.

தங்கள் மூதாதையர் ரியாவ்-லிங்கா சுல்தானகக் காலத்தில், ராஜா ஹாஜி பிசபிலில்லாஹ்வின் போர்வீரர்களாக இங்கு வந்து குடியேறியவர்கள் என்று கிராமத்தவர்கள் சொல்கிறார்கள். ராஜா ஹாஜி ஒல்லாந்தரை எதிர்த்துப் போரிட்டு 1784இல் மலாக்கா அருகே ஷஹீதானவர். இந்தோனேசியா அவரைத் தேசிய வீரராக அறிவித்துள்ளது.

பாலம் கொண்டுவந்த விலை

1990களில் பாத்தாம், ரெம்பாங், காலாங் ஆகிய தீவுகளை ஆறு பாலங்கள் இணைத்தன. மூன்று பெயர்களையும் சேர்த்து ‘பரேலாங்’ பாலங்கள் என்பார்கள். பின்னாளில் ஜனாதிபதியான பி.ஜே. ஹபீபி அப்போது பாத்தாம் அதிகார சபையின் தலைவராக இருந்தார். முதலாவது பெரிய பாலத்துக்கு ‘தெங்கு பிசபிலில்லாஹ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. அதாவது, கிராமத்தவர்கள் தங்கள் முன்னோரின் தலைவர் என்று சொல்லும் அதே வீரரின் பெயர்.

பாலம் வந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போவது இலகுவானது. மீனை விற்கச் சந்தை கிடைத்தது. பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போக முடிந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் அதே பாலத்தால், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத கரையோரக் காணி முதலீட்டாளரின் கண்ணில் பட்டது. விலை ஏறியபோது, “உறுதி யாரிடம் இருக்கிறது?” என்ற கேள்வியும் எழுந்தது. பதில் கிராமத்தவர்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை.

காணிச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தோனேசியாவின் அடிப்படைக் காணிச் சட்டம் 1960இல் வந்தது. காணியின் மீதான மிகப் பலமான உரிமையை அது ‘ஹக் மிலிக்’ என்கிறது. இரண்டுமே அரபுச் சொற்கள் என்பதால் நமக்குப் பொருள் விளங்கும்: முழுச் சொத்துரிமை. இந்தோனேசியப் பிரஜைகளே இந்த உரிமையைப் பெறலாம். இதற்குக் கீழே கட்டட உரிமை, பயன்பாட்டு உரிமை போன்ற காலவரையறையுள்ள உரிமைகள் உள்ளன.

‘அதாத்’ எனப்படும் வழமைச் சட்டத்தையும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தேசிய நலனுக்கு முரணாகாத வரையில்தான். 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி, 20 வருடங்களோ அதற்கு மேலோ நல்லெண்ணத்துடன் ஒரு காணியை ஆண்டு அனுபவித்தவர், சாட்சிகளுடன் அதைப் பதிவு செய்யக் கோரலாம். காகிதத்தில் பார்த்தால் ரெம்பாங் மக்களுக்கு வழி திறந்தே இருந்தது.

நடைமுறையில் அது மூடியிருந்தது. 1973இல் ஜனாதிபதிக் கட்டளையொன்று பாத்தாம் தீவின் காணி முகாமைத்துவ உரிமையை பாத்தாம் அதிகார சபைக்கு வழங்கியது. 1992இல் இன்னொரு கட்டளை அந்த எல்லையை ரெம்பாங்குக்கும் காலாங்குக்கும் விரித்தது. தீவின் பெரும்பகுதி அரச ஆவணங்களில் வனப்பிரதேசமாகவும் குறிக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்கு உறுதி எடுக்கப் போனவர், முதலில் இந்த இரண்டு மதில்களையும் தாண்ட வேண்டியிருந்தது.

கடலின் நிலை வேறு. கரையோர நீர்ப்பரப்பைத் தனியாருக்கு உரிமையாக வழங்க 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளித்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் அந்த ஏற்பாட்டை இரத்துச் செய்தது. மீனவர்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் வீடும் துறையும் கையை விட்டுப் போனால், கடல் எல்லோருக்கும் பொது என்ற தீர்ப்பை வைத்து மீனவர் என்ன செய்வது?

திட்டமும் நட்டஈடும்

தீவை அபிவிருத்தி செய்ய ஒரு தனியார் கம்பனியுடன் 2004இலேயே உடன்பாடு செய்யப்பட்டது. பல வருடங்கள் அது கிடப்பில் கிடந்தது. 2023இல் ‘ரெம்பாங் இக்கோ சிட்டி’ என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்றது. ஜனாதிபதி ஜோகோ விடோடோ ஜூலையில் சீனாவின் செங்டு நகருக்குச் சென்றபோது, ஸின்யி கண்ணாடி நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதலீடு சுமார் 11.5 பில்லியன் அமெரிக்க டொலர் என்று அறிவிக்கப்பட்டது. கண்ணாடியும் சூரியப் படல்களுக்கான மூலப்பொருளும் இங்கு தயாரிக்கப்படும் என்றார்கள். ஓகஸ்டில் இது தேசிய மூலோபாயத் திட்டமாகவும் ஆக்கப்பட்டது. சுமார் 7,500 பேர் இடம்பெயர வேண்டும், செப்டெம்பர் 28க்குள் முதற்கட்டக் காணி காலியாக வேண்டும் என்று கூறப்பட்டது.

அரசாங்கத்தின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நாட்டுக்கு முதலீடு வேண்டும், இளைஞர்களுக்குத் தொழில் வேண்டும், குடியிருப்பவர்களிடம் உறுதி இல்லாதபோதும் நட்டஈடு தருகிறோம் என்பதே அது. 120 மில்லியன் ரூபியா பெறுமதியான 45 சதுர மீற்றர் வீடும், 500 சதுர மீற்றர் வரையான காணியும் தருவதாகச் சொன்னார்கள். வீடு கட்டி முடியும் வரை ஆளுக்கு மாதம் 1.2 மில்லியன் ரூபியா கொடுப்பனவும், வீட்டு வாடகைக்கு மேலும் 1.2 மில்லியனும் உண்டு.

பலர் மறுத்தார்கள். நகரத்தின் மாடிக் குடியிருப்பில் வள்ளத்தை எங்கே கட்டுவது? காய்க்கும் தென்னைக்கு நட்டஈடு கொடுக்கலாம், கெலோங் போடும் இடத்துக்கு என்ன கணக்கு? கபுறுகளை என்ன செய்வது? செப்டெம்பர் 11ஆம் திகதி பாத்தாம் அதிகார சபை அலுவலகத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டம் கலவரமாக மாறியது. பலர் கைதாகி வழக்குகளையும் சந்தித்தார்கள்.

உலமாக்கள் சொன்னது

இந்தப் பிரச்சினை வெடிப்பதற்கு முன்னரே, 2021 டிசம்பரில் லம்புங்கில் நடந்த நஹ்ழதுல் உலமாவின் 34ஆவது மாநாடு இத்தகைய காணிகள் பற்றி ஆராய்ந்திருந்தது. அரசு பங்கிட்டுக் கொடுத்ததாலோ, தரிசு நிலத்தைத் தாமே உயிர்ப்பித்ததாலோ மக்கள் பல வருடங்கள் பராமரித்துவரும் காணியை அரசு பறித்தெடுப்பது ஹராம் என்பது அதன் முடிவு. இஹ்யாஉல் மவாத் என்று பிக்ஹு நூல்கள் சொல்லும் சட்டம்தான் இதன் அடிப்படை.

2023இல் இந்த முடிவு ரெம்பாங்குக்குப் பொருந்துமா என்ற விவாதம் எழுந்தபோது, எல்லாக் காணி சுவீகரிப்பும் ஹராம் என்று இதற்குப் பொருளில்லை என அச்சங்கத்தினர் விளக்கினார்கள். பொதுநலன் இருந்து, மக்களுடன் பேசி, நீதியான ஈடு கொடுத்து எடுத்தால் அது வேறு. ரெம்பாங்கில் கேள்விக்குள்ளானது இந்த ‘மக்களுடன் பேசி’ என்ற பகுதிதான். முதலீட்டாளருடன் ஒப்பந்தம் முதலில் வந்தது. கிராமத்தவருடனான பேச்சு பின்னால் வந்தது.

இன்றைய நிலை

செப்டெம்பர் 28 கெடு கைவிடப்பட்டது. தீவை விட்டு வெளியேற்றுவதற்குப் பதிலாக, தீவுக்குள்ளேயே தஞ்சோங் பானோன் என்ற இடத்துக்கு மாற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது. அங்கு கட்டப்பட்ட வீடுகளுக்குச் சில குடும்பங்கள் சென்றுள்ளன. மற்றவர்கள் பழைய கிராமங்களிலேயே தங்கிவிட்டார்கள். ஜனாதிபதி பிரபோவோவின் அரசாங்கம் 2025இல் வெளியிட்ட தேசிய மூலோபாயத் திட்டப் பட்டியலில் ரெம்பாங் இக்கோ சிட்டி இடம்பெறவில்லை. ஆயினும் கிராமத்தவர்கள் கேட்கும் உறுதி அத்தனை பேரின் கைக்கும் வந்து சேராத வரை, இன்னொரு திட்டம் இன்னொரு பெயரில் வரலாம் என்ற பயம் நீங்காது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு

இந்தோனேசியத் தீவுகளில் கடற்கரைக் காணி மலிவு என்ற விளம்பரங்களை நம்மவர்களும் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டவருக்கு அங்கே ஹக் மிலிக் கிடையாது. உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் வாங்கி மறைமுகமாக ஆளலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டவருக்கு முழுச் சொத்துரிமை மாற்றும் கைமாற்றம் செல்லாது, காணி அரசுக்குச் சேரும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சட்டபூர்வமாக வசிக்கும் வெளிநாட்டவருக்குக் காலவரையறையுள்ள பயன்பாட்டு உரிமையே உண்டு. அதற்கும் காணிப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. ‘வெறும் காணி’ என்று தரகர் காட்டும் இடத்தில் யாருடைய தென்னை நிற்கிறது, யாருடைய வள்ளம் கட்டியிருக்கிறது, யாருடைய கபுறு இருக்கிறது என்று கிராமத்தின் மூத்தவர்களிடம் விசாரிக்க வேண்டும். பதிவேட்டில் பெயரில்லாத உரிமையாளர் ஒருவர் அங்கே இருக்கக்கூடும்.

தூரத் தீவுக் கிராமங்களுக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்ல முடியாது. பாலம் வரட்டும், மின்சாரம் வரட்டும், தொழிற்சாலையும்கூட வரட்டும். ஆனால் அவற்றுக்கு முன்னால் கிராமத்தவரின் கையில் உறுதி வர வேண்டும். அது இருந்தால் விற்பதா, குத்தகைக்கு விடுவதா, மறுப்பதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். ரெம்பாங்கில் அந்த வரிசை தலைகீழானது. அதனால்தான் எல்லைக்கல் நட வந்தவர்களோடு கண்ணீர்ப்புகையும் வந்தது.