ட்ரவுட் இல்லாத ஊருக்கும் ஸ்ட்ரீமர்

வசந்த கால ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் கட்டி, மீன்குஞ்சு நீந்துவது போல நீருக்குள் விட்டுவிட்டு இழுப்பார்கள். அதுதான் ஸ்ட்ரீமர். குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் பினாங்குப் பக்கம் கிடையாதே, நமக்கெதற்கு இது என்று கேட்கலாம். ஸ்ட்ரீமர் பலிப்பதற்குக் காரணம் சின்ன மீனைத் துரத்தும் பெரிய மீனின் பசி. அந்தப் பசி, பேராவின் தெமெங்கோர் ஏரியில் வாழும் செபாராவுக்கும் உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததானாலும் அது வேட்டையாடும் மீன். பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டாலும் அது வதைதானே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பின்கொக்கியை நசுக்கிய முள் வேண்டும். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்துவிடும். இந்தக் கவனம் இல்லாமல் விடுவிக்கும் மீன் பிழைக்கும் என்று நம்ப முடியாது.