வளவு வாங்க முன் காற்றைப் பாருங்கள்

வளவு வாங்கும் நம்மவர்கள் பேர்ச் விலையை விசாரிப்பார்கள். வெயில், காற்று, வெள்ளம் எப்பக்கத்தால் வருமென்று விசாரிப்பதில்லை. காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. மார்கழியில் வாடை மழையோடு வடகிழக்கிலிருந்து வரும். ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து சூடாக வீசும். 1978 நவம்பர் 23 சூறாவளியை மறந்தவர் யார்?

அதே 1978இல்தான் அவுஸ்திரேலியாவில் மொலிசனும் ஹோல்ம்கிரனும் ‘பேர்மாகல்ச்சர்’ பற்றிய முதல் நூலை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து வளவுக்குள் வருபவற்றை முதலில் படத்தில் குறித்து, அதன்பின் கட்டிடத்தையும் மரத்தையும் வைப்பது அம்முறை.

நான் குறிக்கவில்லை. களஞ்சியத்தின் நீளச் சுவரை மேற்கே வைத்தேன். பின்னேர வெயிலில் டொபியெல்லாம் உருகி, ஒரு லொறிச் சரக்கின் இலாபம் போனது. இப்போது அப்பக்கம் இரண்டு வேம்பு நிற்கின்றன.

மதில் கட்டுவோரே, மழைத் தண்ணீர் வாவிக்கு வடியும் வழியை அடைக்காதீர்கள். அடைத்தால் முதலில் நனைவது அயலவரின் அரிசி மூட்டை.