தொகுப்பு ஏன் தாமதமாகிறது?

இணையதளம் ஒன்றைத் திறந்தவுடன் எழுத்துகளும் படங்களும் பொத்தான்களும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றை வரைந்து காட்டும் உலாவிக்கு அடிப்படையில் மூன்று மொழிகள்தாம் தெரியும். பக்கத்தின் அமைப்பைச் சொல்ல எச்டிஎம்எல், நிறத்தையும் அளவையும் சொல்ல சிஎஸ்எஸ், செயலைச் சொல்ல ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் இன்று நிரல் எழுதுவோர் பலர் இம்மூன்றிலும் நேராக எழுதுவதில்லை. பிழைகளை முன்கூட்டியே பிடித்துக் கொடுக்கும் டைப்ஸ்கிரிப்டில் எழுதுகிறார்கள். நிறங்களுக்கும் அளவுகளுக்கும் பெயர் வைத்து ஆள உதவும் சாஸ் மொழியில் எழுதுகிறார்கள். அதையும் பல சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். இவற்றையெல்லாம் உலாவிக்குப் புரியும்படி பெயர்த்து, ஒன்றுசேர்த்து, சுருக்கித் தரும் வேலைக்குத்தான் தொகுப்பு என்று பெயர். இளைஞர்கள் ‘பில்ட்’ என்று சொல்வது இதையே.

இவ்வேலை மூன்று விநாடிகளில் முடிந்துவிட்டால், அப்படி ஒன்று நடந்தது என்பதே நம் நினைவில் இராது. நான்கு நிமிடம் பிடித்தால்? பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு, அது பார்வைக்கு நன்றாக இருக்கிறதா என்று அறிய நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது திருத்தங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 நிமிடங்கள், அதாவது இரண்டு மணி நாற்பது நிமிடங்கள் வெறும் காத்திருப்பிலேயே போய்விடும். காத்திருக்கும்போது கைப்பேசியை எடுப்போம். எடுத்த கை எளிதில் கீழே வைக்காது. அது தனிக் கணக்கு.

இத்தொல்லைக்கு உள்ளாகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, தொகுப்புக் கருவியை மாற்றுகிறார்கள். அல்லது புதிய கணிப்பொறி வாங்கக் கடன் தேடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு: நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்ப்பது. இயற்பியல் கற்பிக்கிறவனிடம் காந்திகிராமத்து மாணவர்கள் கணிப்பொறி பற்றிக் கேட்க வருவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அளப்பதுதானே எங்கள் தொழில்!

முதலில் தொகுப்பின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருவி ஒரு தொடக்கக் கோப்பைத் திறக்கிறது. அது எந்தெந்தக் கோப்புகளை அழைக்கிறது என்று பார்த்து அவற்றையும் திறக்கிறது. அவை அழைப்பவற்றையும் திறக்கிறது. இப்படி எல்லாவற்றையும் தேடிப் படித்த பின், ஒவ்வொன்றையும் உலாவி மொழிக்குப் பெயர்க்கிறது. பிறகு ஒன்றுசேர்க்கிறது. தேவையற்ற இடைவெளிகளையும் நீண்ட பெயர்களையும் சுருக்குகிறது. சுருங்கிய நிரலின் எந்த வரி மூலத்தில் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டும் அட்டவணை ஒன்றையும் எழுதுகிறது. படங்களைச் சிறிதாக்கும் வேலையையும் சிலர் இதோடு சேர்த்துவிடுவதுண்டு.

காந்திகிராமத்துக்கு அடுத்த சின்னாளப்பட்டியில் தறி நெய்யும் வீடு ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, அதைத் தறியில் பூட்டிய பிறகே நாடா ஓடத் தொடங்கும். ஊடையின் நிறத்தை மாற்ற விரும்பும் நெசவாளர் நாடாவிலுள்ள தாரை மாற்றுவாரே தவிர, பாவை அறுத்துவிட்டு மறுபடியும் சாயப் பானையை அடுப்பில் ஏற்றமாட்டார். ஆனால் சரியாக அமைக்கப்படாத தொகுப்புக் கருவி ஒவ்வொரு முறையும் சாயப் பானையிலிருந்தே தொடங்குகிறது.

இனி அளவீடு. என்னிடம் வந்த மாணவி ஒருவர், சுங்குடிச் சேலைகள் விற்கும் மகளிர் குழு ஒன்றுக்காக இணையதளம் அமைத்துக்கொண்டிருந்தார். கணிப்பொறி பழையது, 4 ஜிபி நினைவகம், சுழலும் வன்தட்டு. தொகுப்புக்கு நான்கு நிமிடம். நகையை அடகு வைத்துப் புதிய கணிப்பொறி வாங்குவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அளவீட்டுக்குக் கொடுங்கள் என்றேன்.

பெரும்பாலான கருவிகள், கேட்டால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே எழுதித் தரும். ஆய்வகத்தில் செய்வதுபோல ஐந்து முறை அளவெடுத்தோம். கணிப்பொறியை அணைத்துப் போட்டவுடன் எடுக்கும் முதல் அளவைத் தனியாகவே வைக்கவேண்டும். ஏனெனில் ஒருமுறை படித்த கோப்புகளை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும். அடுத்த முறை வேகமாகக் கொடுக்கும். இவருடைய கணிப்பொறியில் அந்த வேகம் வரவில்லை. உலாவியும் நிரல் எழுதும் செயலியும் 4 ஜிபியை நிரப்பிவிட்டதால், படித்த கோப்புகளை வைத்துக்கொள்ள இடமே இல்லை. ஐந்து அளவுகளின் சராசரி இது: மொத்தம் 240 விநாடிகள். கோப்புகளைத் தேடிப் படிக்க 110. படங்களைச் சுருக்க 70. மொழிபெயர்ப்புக்கு 35. நிரலைச் சுருக்கவும் அட்டவணை எழுதவும் 25.

அவருக்கு நண்பர்கள் சொன்ன யோசனை என்ன தெரியுமா? வேகமான மொழிபெயர்ப்புக் கருவிக்கு மாறு என்பதே. மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொழிபெயர்ப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 35 விநாடிகள்தாம் குறையும். மீதி 205 அப்படியே நிற்கும். ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும் மீதிப் பகுதி மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டிவிடும் என்பதை 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர், பல செயலிகளை இணையாக இயக்குவது பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டினார். அவர் பெயரால் வழங்கும் விதி தொகுப்புக்கும் பொருந்தும்.

சரி, படிப்பதற்கு மட்டும் 110 விநாடிகளா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. மடிக்கணிப்பொறிகளில் வந்த சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் படிப்பு முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகரவேண்டும். அதற்குச் சுமார் 10 மில்லிவிநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்பு ஒன்றைத் தொடுவதற்கே 15 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிறது. கோப்பு சிறியதா பெரியதா என்பது இங்கே பெரிய பொருட்டல்ல. எத்தனை கோப்புகள் என்பதே கேள்வி.

எண்ணிப் பார்த்தோம். ஏறத்தாழ 7,000! பதினைந்தரை மில்லிவிநாடியால் பெருக்கினால் சுமார் 109 விநாடிகள். அளவீடும் கணக்கும் இவ்வளவு நெருங்கி வருவது ஆய்வகத்திலேயே அரிது.

மாணவி எழுதியவை அறுபது கோப்புகளே. மற்றவை எங்கிருந்து வந்தன? கூடை, பூதக்கண்ணாடி, தொலைபேசி என ஐந்து சின்னங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கான சின்னங்கள் அடங்கிய தொகுதி ஒன்றை நிறுவி, அதன் பொது வாயில் கோப்பிலிருந்து அந்த ஐந்தையும் அழைத்திருந்தார். வாயில் கோப்போ ஒவ்வொரு சின்னத்தின் கோப்பையும் பெயர் சொல்லி அழைக்கிறது. ஐந்து போதும் என்று கருவிக்குத் தெரிய வருவதற்குள் எல்லாவற்றையும் திறந்து படித்தாயிற்று. ஒவ்வொரு சின்னத்தையும் அதன் சொந்தக் கோப்பிலிருந்தே அழைக்கும்படி ஐந்து வரிகளை மாற்றினோம். கோப்புகள் 900 ஆயின. நேரம் 14 விநாடி ஆயிற்று. படிக்கவேண்டியவை குறைந்ததால் மொழிபெயர்ப்பும் 12 விநாடிக்கு இறங்கியது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வைரஸ் தடுப்பு நிரலும் திறக்கப்படும் கோப்புகளைச் சோதிப்பதால் தாமதம் கூடும். திட்டக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கிவிடு என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்லமாட்டேன். பிறர் எழுதிய நிரல்கள்தாம் அக்கோப்புறையில் மிகுதி. 2025 செப்டம்பரில், உலகெங்கும் பயன்படும் சில ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளில் தீய நிரல் நுழைக்கப்பட்டது. கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே பத்திரமான வழி.

அடுத்தது படங்கள். கைப்பேசியில் எடுத்த எண்பது சேலைப் படங்கள், ஒவ்வொன்றும் சில மெகாபைட். ஒவ்வொரு தொகுப்பிலும் எண்பதும் புதிதாகச் சுருக்கப்பட்டன. நேற்று மாறாத படம் இன்று மட்டும் எப்படி மாறும்? இந்தக் கேள்விக்கு விடை பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய ‘மேக்’ என்ற நிரல், மூலக் கோப்பின் தேதியையும் விளைவுக் கோப்பின் தேதியையும் ஒப்பிடும். மூலம் புதியதாக இருந்தால் மட்டுமே வேலையைத் திரும்பச் செய்யும். 2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5-ஆம் பதிப்பும் ஏற்கெனவே முடித்த வேலையை வன்தட்டில் சேமித்து வைக்க வழி தருகிறது. படங்களை ஒருமுறை சுருக்கித் தனிக் கோப்புறையில் வைத்ததும் அந்த 70 விநாடிகளும் மறைந்தன.

சேமிப்பில் ஒரு சங்கடம் உண்டு. எப்போதாவது பழைய விளைவு ஒட்டிக்கொண்டு நின்று, திருத்தம் திரையில் தெரியாமல் போகும். அப்போது சேமிப்பை அழிக்கவேண்டியதுதான். ஆனால் ஒருமுறை அப்படி அவதிப்பட்டவர்கள், அழிக்கும் கட்டளையைத் தொகுப்புக் கட்டளையோடு நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு தொகுப்பு ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்கிறார்கள்!

மீதமிருந்த 25 விநாடிகள் எளிதாகத் தீர்ந்தன. நிரலைச் சுருக்குவது இணையத்தில் அதை அனுப்பும் நேரத்தை மிச்சப்படுத்த. தன் கணிப்பொறியிலேயே பார்க்கும்போது அது எதற்கு? வரைவு நிலையில் அதையும் விரிவான அட்டவணையையும் நிறுத்தினோம். மொத்தம் 26 விநாடிகள். திருத்தம் நேரும்போது மாறிய கோப்பை மட்டும் பெயர்க்கும் கண்காணிப்பு நிலையில் வைத்தபின், ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு விநாடி. அடகுக் கடைக்குப் போகவேண்டிய வேலை இல்லாமற் போயிற்று.

மொழிபெயர்ப்பே பெரும் பகுதியைத் தின்னும் திட்டங்களும் உண்டு. நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மும்பையில் 2008-இல் தொடங்கிய பிராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட், நிறுவனங்களின் கணக்கு, இருப்பு ஆகியவற்றை நிர்வகிக்கும் மென்பொருள். அதன் மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம். அது நிற்கும் அடித்தளத்தின் 14-ஆம் பதிப்பில் (2022), ரோலப் என்ற கருவியை விட்டுவிட்டு இஎஸ்பில்ட் என்ற கருவிக்கு மாறினார்கள். 2020-இல் இவான் வாலஸ் வெளியிட்ட இக்கருவி ஜாவாஸ்கிரிப்டில் அல்லாமல் கோ மொழியில் எழுதப்பட்டது. செயலி நேராக இயக்கும் வடிவில் இருப்பதாலும், செயலியின் எல்லாக் கருக்களுக்கும் வேலையைப் பங்கிடுவதாலும், நிரலைத் திரும்பத் திரும்ப அலசாமல் சில முறைகளிலேயே முடிப்பதாலும் அதற்கு அந்த வேகம். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: அது டைப்ஸ்கிரிப்டைப் பெயர்க்குமே அன்றி, வகைப் பிழைகளைச் சோதிக்காது. சோதனையைத் தனியே ஓட்டவேண்டும்.

கருவியை மாற்றியதை விட எனக்குப் பிடித்தவை பிராப்பே கையாளும் மற்ற இரண்டு வழிகள். பல செயலிகளை நிறுவியிருக்கும் இடத்தில், மாறிய ஒரு செயலியை மட்டும் தொகுக்கச் சொல்லலாம். அடித்தளத்துக்குரிய தொகுப்பையோ, அவர்களே முன்கூட்டிச் செய்து வைத்திருப்பதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நினைவகம் குறைந்த சிறு சர்வர் வைத்திருப்பவர் தம் இயந்திரத்தில் அந்தப் பெரிய வேலையைச் செய்யவே வேண்டியதில்லை.

திண்டுக்கல் பகுதியில் சித்திரை வைகாசி மாதங்களில் அளவெடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். செயலி அளவுக்கு மீறிச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் அளவு குறைவாகவும் ஐந்தாவது அளவு அதிகமாகவும் வந்தால் நிரலைக் குறைசொல்லுமுன், மடிக்கணிப்பொறியை மெத்தையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, காற்று வெளியேறும் துளைகளில் தூசு அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நினைவகம் போதாதபோதும் வேகம் குறையும். வன்தட்டின் விளக்கு ஓயாமல் மினுங்குவது அதன் அறிகுறி. நோட் கருவிக்கு நினைவக வரம்பைக் கூட்டிக்கொடுக்கும் கட்டளையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இருப்பதே 4 ஜிபி என்றால் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும். உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுவது மேல்.

சுழலும் தட்டுக்குப் பதிலாக அசையாத நினைவுத் தட்டு, அதாவது எஸ்எஸ்டி பொருத்தினால் ஒரு கோப்பைத் தொட ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிவிநாடி போதும். 7,000 கோப்புகள் இருந்தபோது அதைப் பொருத்தியிருந்தால் மிச்சம் நூறு விநாடிகளுக்கு மேல். 900 கோப்புகள் ஆனபின் பொருத்தினால் மிச்சம் 14 விநாடிகள். அதுவும் காலையில் முதல் தொகுப்பின்போது மட்டும். வாங்கலாமா என்று மாணவி கேட்டார். அடுத்த பருவம் வரை பொறுக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.