சொல்லுக்குள் ஒளிந்த சொல்

"அம்மா, நான் சாப்பிடப் போறேன்!" என்கிறீர்கள். எங்கே போகிறீர்கள்? எங்கேயும் இல்லை. தட்டு எதிரில்தான் இருக்கிறது. இந்தப் 'போறேன்' கால் நடப்பதைச் சொல்லவில்லை. அடுத்து நடக்க இருப்பதைச் சொல்கிறது.

போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்துப் பிள்ளைகளும் அப்படியேதான் பேசுகிறார்கள். போர்த்துகீசிய மொழியில் 'வோ' என்றால் போகிறேன், 'காந்தார்' என்றால் பாட. 'வோ காந்தார்' என்றால் பாடப் போகிறேன். உறவே இல்லாத இரண்டு மொழிகளுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது பாருங்கள்!

'பாடுவேன்' என்று ஒரே சொல்லாகச் சொல்லவும் அவர்களுக்கு வழி உண்டு: 'காந்தாரேய்'. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஏய்' எங்கிருந்து வந்தது?

போர்த்துகீசியத்தின் தாய்மொழி லத்தீன். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் மக்கள் 'காந்தாரே ஹாபெயோ' என்று சொல்லத் தொடங்கினார்கள். 'ஹாபெயோ' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. "வீட்டுப்பாடம் எழுத வேண்டியிருக்கு" என்று நீங்கள் சொல்வீர்களே, ஏறக்குறைய அந்தப் பொருள். நூற்றாண்டுக் கணக்கில் வாயில் உருண்டு உருண்டு, 'ஹாபெயோ' ஆற்றுக் கூழாங்கல் போலத் தேய்ந்து 'ஏய்' ஆனது. பிறகு முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இதை எப்படி நம்புவது? எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது. 'தார்' என்றால் கொடுக்க. (தசராவில் வரும் 'த' போல ஒலியுங்கள்.) கொடுப்பேன் என்பதற்கு 'தாரேய்'. நம் ஊர்ப் பக்கத்துத் 'தாரேன்' போலவே இருக்கிறது, ஆனால் அது வெறும் தற்செயல், ஏமாந்துவிடாதீர்கள். இப்போது 'உனக்குக் கொடுப்பேன்' என்று எழுத வேண்டும். 'உனக்கு' என்பதற்கு 'தெ'. அதை முன்னாலும் வைக்காமல், பின்னாலும் வைக்காமல், சொல்லைப் பிளந்து நடுவில் செருகுகிறார்கள்: 'தார்-தெ-ஏய்'!

ஒரே சொல்லாக இருந்தால் அப்படிப் பிளக்குமா? ஒட்டிய இடத்தில்தான் திறந்துகொள்கிறது. 'தார்', 'ஏய்' இரண்டும் ஒரு காலத்தில் தனித்தனிச் சொற்கள் என்பதை அந்தக் குட்டித் 'தெ' காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தனிச் சொல்லான 'ஏய்' இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 'ஏய் தெ காந்தார்' என்றால் 'ஒருநாள் பாடியே தீருவேன்' என்ற உறுதி. இதில் வரும் 'தெ' வேறு, அது ஓர் இணைப்புச் சொல்.

'தார்-தெ-ஏய்' இப்போது பெரும்பாலும் எழுத்தில்தான் வருகிறது. லிஸ்பன் தெருவில் ஒரு சிறுமி தோழியிடம் பந்தை நீட்டிக்கொண்டே சொல்வது, 'வோ தார்-தெ'. உனக்குத் தரப் போறேன்.